சின்ன ஊரிலிருந்தே ஒரு பொப் பங்க் குழுவை நடத்துவது எப்படி

பொப் பங்க் என்றால் வேகமான கிற்றாரும் கூடவே பாடக்கூடிய மெட்டும் சேர்ந்த ரொக் இசை. குழு தொடங்குவதென்றால், முதலில் நிகழ்ச்சிக்கு ஒரு மண்டபத்தைப் பிடியுங்கள். பாட்டு, பெயர், ரீசேர்ட் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். மூன்று மாதம் தள்ளி ஒரு சனிக்கிழமை மாலைக்கு மண்டபம் உங்கள் பெயரில் பதிவாகி, முற்பணமும் கட்டியாகிவிட்டால், நாலு பேரும் சொல்லாமலே ஒத்திகைக்கு நேரத்துக்கு வந்துவிடுவார்கள். திகதி இல்லாத குழுக்கள்தான் பேஸ்மென்ற்றிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துபோகின்றன.

நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஏஜாக்ஸ் என்ற ஊரில் வளர்ந்தவள். பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். பகலில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் வேலை. எங்கள் குழுவின் கணக்கும் என்னிடம்தான். இப்போது என் அக்காவின் மகனும் அவனுடைய மூன்று கூட்டாளிகளும் தொடங்கியிருக்கிறார்கள். "சித்தி, என்னென்ன செய்யவேணும் எண்டு வரிசையாச் சொல்லுங்கோ" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேஸ்மென்ற்றிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக் கலங்கிப்போயிருக்கும் அம்மா அப்பாக்களும் வாசிக்க வேண்டும். இதில் சில வேலைகள் உங்களுடையவை.

ஊரை விட்டுப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்த இசையைப் பெரிதாக்கியவர்களில் நிறையப் பேர் வந்த இடங்களைப் பாருங்கள். கிரீன் டே கலிபோர்னியாவின் ரோடியோ பக்கத்துப் பொடியன்கள். பிளிங்க்-182 சான் டியாகோவுக்கு வெளியே பவே என்ற ஊர். எம்எக்ஸ்பிஎக்ஸ் வாஷிங்டன் மாநிலத்தில் கடற்படைக் கப்பல் தளம் இருக்கிற பிரெமர்ட்டன். நெக் டீப் வேல்ஸில் ரெக்ஸம். சின்ன ஊரில் கராஜ் இருக்கிறது, பேஸ்மென்ற் இருக்கிறது, ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாலு பேர் இருக்கிறார்கள், மாலையில் போக வேறு இடம் இல்லை. ரொறன்ரோவில் ஒத்திகை அறைக்கு மணிக்கணக்கில் காசு கட்டும் குழு வாரத்துக்கு ஒரு முறை வாசிக்கும். நீங்கள் வீட்டில் நாலு முறை வாசிக்கலாம். ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் காதில் கேட்கும்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் ஒரு குண்டுத் தொழிற்சாலையைச் சுற்றி உருவான ஊர் ஏஜாக்ஸ். பெயர் ஒரு போர்க்கப்பலின் பெயர். அந்தக் கப்பலில் இருந்த மாலுமிகளின் பெயர்களில்தான் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. 1996இல் இங்கே பள்ளிக்கூடம் படித்த சில பெடியள் காஸ்பர் என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கி, கோடை விடுமுறையின் 41ஆம் நாளை வைத்துச் சம் 41 என்று மாற்றிக்கொண்டார்கள். 2025 ஜனவரி 30ஆம் திகதி ரொறன்ரோ ஸ்கோஷியாபாங்க் அரங்கில் கடைசிச் சுற்றுப்பயணத்தை முடிக்கும்வரை உலகம் முழுக்க வாசித்தார்கள். அவர்களுடைய கிற்றார் கலைஞர் டேவ் பாக்ஷ் கயானாவின் இந்திய வம்சாவளியில் வந்தவர். எங்கள் நிறத்தில் ஒருவர், எங்கள் ஊர்க்காரர், தொலைக்காட்சியில் அந்த வேகத்தில் கிற்றார் வாசிப்பதைப் பார்த்த பிறகு, "இதெல்லாம் வெள்ளைக்காரரின் வேலை" என்று யார் சொன்னாலும் என் காதில் ஏறவில்லை.

மண்டபம்

கனடாவில் அநேகமாக எல்லாச் சின்ன ஊரிலும் ரோயல் கனேடியன் லீஜனின் மண்டபம் ஒன்று இருக்கும். முன்னாள் படையினரின் சங்கம் அது. வாடகை நியாயமாக இருக்கும், சிறு மேடை இருக்கும், சமையலறை இருக்கும், பெரியவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள். தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபமும் சரி. தொலைபேசியில் கேட்க வேண்டாம். நேரே போய், பொறுப்பானவரின் கையைக் குலுக்கி, "இளைஞர்களுக்கான இசை நிகழ்ச்சி, மது இல்லை, இரவு 10 மணிக்கு முடித்துக் கூட்டித் துடைத்துத் தருவோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். வயது 18க்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ கூடப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். பொறுப்புக் காப்புறுதி கேட்பார்களா, எத்தனை பேர் வரைக்கும் அனுமதி என்பதை அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மது இல்லை என்பதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒன்ராறியோவில் குடிக்கும் வயது 19. பாரில் நிகழ்ச்சி வைத்தால், இந்தப் பாட்டுகள் யாருக்காக எழுதப்பட்டனவோ அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் வாசலோடு நிற்க வேண்டியதுதான். கலிபோர்னியாவின் பேர்க்லியில் 924 கில்மன் வீதி என்ற மண்டபம் 1986ஆம் ஆண்டின் கடைசி இரவில் திறந்தது. தொண்டர்கள் நடத்திய இடம். எந்த வயதினரும் வரலாம். மது, போதை, வன்முறை, இனவாதம், பெண்களை இழிவுபடுத்துவது எதற்கும் இடமில்லை என்று சுவரிலேயே எழுதி வைத்தார்கள். கிரீன் டே வளர்ந்த இடம் அது. 1993இல் அவர்கள் ரிப்ரைஸ் என்ற பெரிய இசைப்பதிவு நிறுவனத்தோடு சேர்ந்ததும், பெரிய நிறுவனக் குழுக்களுக்கு இங்கே மேடை இல்லை என்ற விதி அவர்களுக்கும் பொருந்தியது. 2015இல்தான் மறுபடி அங்கே வாசித்தார்கள். அந்த விதி உங்களுக்குத் தேவையா இல்லையா என்பது வேறு கதை. எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒரு குழு போனாலும் மண்டபம் நின்றது, அடுத்த குழு வந்தது.

ஒரு இரவுக்கு நாலு குழு போதும்: இரண்டு உள்ளூர், இரண்டு வெளியூர். ஆளுக்கு 25 நிமிடம், இடையில் 15 நிமிடம். ட்ரம் செட்டும் பேஸ் அம்ப்பும் பொது. ஆனால் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் ஒவ்வொரு ட்ரம்மரும் தன்னுடையதைக் கொண்டுவர வேண்டும்; இதை முன்கூட்டியே செய்தி அனுப்பிச் சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கும்போது, குரலுக்கும் கொஞ்சம் கிக் ட்ரம்முக்கும் போதுமானதை எடுத்தால் சரி. லீஜன் மண்டபத்தில் கிற்றார் அம்ப்புக்கு மைக் தேவையே இல்லை. சத்தத்தைக் குறைப்பதுதான் அங்கே பெரிய வேலை.

முன்வரிசையில் தள்ளுமுள்ளு நடக்கும், அது இந்த இசையோடு கூடவே வருவது. விழுந்தவரை உடனே தூக்கிவிட வேண்டும் என்பதை முதல் பாட்டுக்கு முன்னால் மைக்கில் சொல்லுங்கள். ஒரு பெண்பிள்ளை வந்து "அவன் சேட்டை விடுகிறான்" என்று சொன்னால், பாட்டை நிறுத்தி அந்த ஆளை வெளியே அனுப்புங்கள். வாசலில் இதற்கென்றே ஒரு பெரியவர் இருக்கட்டும். நான் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வந்துபோகிற மண்டபம்தான் வருடக்கணக்கில் நிரம்பும்.

அம்மாமாரே, உங்கள் பங்கு சமையலறையில். வெளியூரிலிருந்து வரும் குழு மத்தியானத்திலிருந்து சாப்பிட்டிருக்காது. ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ், ஒரு தட்டு மரக்கறி ரோல்ஸ். மரக்கறியை மறக்க வேண்டாம், இந்த இசை உலகத்தில் மிருக உணவு தொடாதவர்கள் நிறைய. எங்கள் வீட்டு ரோல்ஸைச் சாப்பிட்ட கிங்ஸ்ரன் குழு ஒன்று, அதற்குப் பிறகு எங்களை எத்தனையோ முறை தங்கள் ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் காசை எண்ணுவது இப்படி. சமையலறைக் கதவைச் சாத்துங்கள். உங்கள் குழுவில் ஒருவர், வெளியூர்க் குழுவில் ஒருவர், இரண்டு பேரும் மேசையில் உட்காருங்கள். வாசலில் காசு சேர்த்த பெட்டியைக் கவிழ்த்து, காலையில் சில்லறைக்காகப் போட்ட தொகையை முதலில் எடுத்து ஒரு உறையில் வையுங்கள். 20 டொலர்த் தாள்கள் ஒரு பக்கம், 10, 5 இன்னொரு பக்கம், லூனி, ரூனி என்கிற ஒரு டொலர், இரண்டு டொலர் நாணயங்கள் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில். இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணி, வாசலில் கையில் குத்திய முத்திரைகளின் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். முதலில் மண்டப வாடகை. அடுத்தது வெளியூர்க் குழுவின் பெற்றோல். மிச்சத்தில் பெரிய பங்கும் அவர்களுக்கு. உங்களுக்குக் கடைசியில் என்ன மிஞ்சுகிறதோ அது. தொகைகளை உறையின் மேல் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால், ஒன்ராறியோ முழுக்க உங்கள் பெயர் நல்லபடியாகப் பரவும்.

பாட்டு

வேகம் நிமிடத்துக்கு 160 முதல் 200 துடிப்பு. ஜி, டி, ஈ மைனர், சி என்ற நாலு கோர்டை வைத்துக்கொண்டே ஒரு வருடம் எழுதலாம். என் அப்பா ஏ. ஈ. மனோகரனின் பொப் பாட்டுகளோடு வளர்ந்தவர். சில கோர்டுகளிலேயே மண்டபம் முழுக்க ஆடும் என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டி இருக்கவில்லை.

சரணத்தில் கிற்றார்காரர் வலது உள்ளங்கையின் ஓரத்தை, நரம்புகள் கட்டியிருக்கிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நரம்புகள்மேல் லேசாக வைத்து, சத்தத்தை அமுக்கி வாசிக்க வேண்டும். பாம் மியூட் என்பது இதுதான். பல்லவி வந்ததும் கையை எடுத்து முழுக்கத் திறந்துவிட வேண்டும். அந்த ஒரு அசைவில்தான் இந்த இசையின் பாதிச் சந்தோஷம் இருக்கிறது, அதனால் சரணத்தில் கையை உயர்த்திவிடாதீர்கள். பல்லவி 40 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். கடைசிப் பல்லவிக்கு முன்னால் ட்ரம்மர் வேகத்தைப் பாதியாக உணரவைக்கிற ஒரு பகுதி, பிறகு மறுபடி முழு வேகம். மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள்.

பேஸ் வாசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பிக் என்கிற மீட்டும் தகட்டை வைத்துக் கீழ்நோக்கியே அடியுங்கள், சீராக. கிற்றார் வாசிப்பதை நிறுத்துகிற இடத்தில் நீங்கள் நிறுத்த வேண்டாம். சரணத்தின் முதல் இரண்டு வரியில் ட்ரம்ஸும் பேஸும் குரலும் மட்டும் இருந்தால், சின்ன மண்டபத்தில் சொற்கள் தெளிவாகக் கேட்கும்.

சொற்களுக்கு வருவோம். கலிபோர்னியாக் கடற்கரையைப் பற்றி எழுத வேண்டாம், நீங்கள் அங்கே வளரவில்லை. எங்கள் ஊர் ஹார்வுட் அவெனியூவைப் பற்றி எழுதுங்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்குப் போய்வருகிற கோ ரயிலின் நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில் அப்பாவுக்காகக் காத்திருந்ததை எழுதுங்கள். ஏரிக்கரையில் நின்றால் தெரிகிற பிக்கரிங் அணுமின் நிலையத்தை எழுதுங்கள். அம்மா இரண்டு வேலை செய்துவிட்டு வந்து சப்பாத்துக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை எழுதுங்கள். எங்கள் வீடுகளில் இருக்கிற கதை வேறு எந்தப் பொப் பங்க் பாட்டிலும் இல்லை. எம்எக்ஸ்பிஎக்ஸ் தங்கள் சின்ன ஊரின் பெயரையே பாட்டில் போட்டார்கள். பிரெமர்ட்டன் வரைபடத்தில் எங்கே என்று தெரியாதவர்கள் இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரைக் கத்திப் பாடுகிறார்கள்.

பாடுபவர் தொண்டையைக் கவனிக்க வேண்டும். ரொறன்ரோவின் பப் குழுவின் பாடகர் ஸ்டீஃபன் பாப்காக்குக்குக் குரல்நாணில் கட்டி வந்து, கனவு முடிந்துவிட்டது என்றே மருத்துவர் சொன்னார். அவர்கள் 2016இல் வந்த அல்பத்துக்கு அந்த வாசகத்தையே பெயராக வைத்தார்கள், பிறகும் பாடுகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் குரல் திரும்பி வராது. வாசிக்கும் முன் பத்து நிமிடம் மெதுவாகக் குரலைச் சூடாக்குங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு இரைச்சலில் நின்று கத்திக் கதைக்க வேண்டாம்; அதுதான் பாடுவதைவிட மோசம். எல்லோருக்கும் காதுக்கு அடைப்பான். பேஸ்மென்ற் ஒத்திகையில் கட்டாயம்.

பெயரும் கடதாசியும்

பெயர் வைக்கும் முன் தேடிப்பாருங்கள். பிளிங்க்-182 முதலில் வெறும் பிளிங்க். அயர்லாந்தில் அதே பெயரில் ஒரு குழு இருந்ததால்தான் பின்னால் எண் வந்தது. ரீசேர்ட் அச்சடித்த பிறகு இது நடந்தால் காசு வீண்.

அடுத்தது ஒரு பக்க ஒப்பந்தம். நண்பர்களுக்குள் எதற்குக் கடதாசி என்று பொடியள் முகம் சுளிப்பார்கள். நண்பர்களாக இருக்கும்போதுதான் எழுத வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் நிற்கும், ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எத்தனை சதவீதம், பதிவின் உரிமை யாருடையது, பொதுக் காசில் வாங்கிய பொருட்கள் எவை, கடன் இருந்தால் யார் கட்டுவது. எங்கள் குழுவில் எல்லாப் பாட்டும் நாலு சம பங்கு. சொற்களை எழுதியவருக்குக் கூடக் கொடுப்பதும் நியாயம்தான், ஆனால் சம பங்கு இருந்தால் "என் பாட்டைச் சேர்" என்ற சண்டை வராது.

பாராமோர் குழுவில் பாடகி ஹேலி வில்லியம்ஸ் மட்டும்தான் அட்லாண்டிக் இசைப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தார். மற்றவர்களின் பெயர் அதில் இல்லை. 2010இன் முடிவில் ஃபாரோ சகோதரர்கள் இரண்டு பேர் விலகியபோது அந்தக் கசப்பு வெளியே வந்தது. கிரீன் டே 2005இல் தங்கள் ஆரம்பகால அல்பங்களை லுக்அவுட் நிறுவனத்திடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ராயல்டி என்கிற விற்பனைப் பங்கு வந்து சேரவில்லை என்பதால். லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனம், ஒன்று உங்களிடம் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்வி: எத்தனை வருடத்துக்குப் பிறகு பதிவு எங்களுக்குத் திரும்பும்? காசு தராவிட்டால் என்ன நடக்கும்? இதை இசைத்துறை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வீடு வாங்கிக் கொடுத்த மாமாவின் வழக்கறிஞர் போதாது.

பதிவு

முதல் பதிவு மூன்று பாட்டு. பன்னிரண்டு வேண்டாம். ட்ரம்ஸை மட்டும் ஒரு நாள் ஸ்ரூடியோவில் பதியுங்கள், ஏனென்றால் நல்ல அறையும் மைக்குகளும் அதற்குத்தான் தேவை. கிற்றாரும் பேஸும் குரலும் வீட்டிலேயே, கணினியோடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் போதும். ட்ரம்மர் ஸ்ரூடியோவுக்குப் போகும் முன் ஒரு மாதமாவது தாளம் காட்டுகிற கிளிக் சத்தத்தோடு பழக வேண்டும்.

கூட்டுக் குரலைப் பதிவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. மண்டபத்துக்கு வருகிற பிள்ளைகளில் பத்துப் பேரைக் கூப்பிடுங்கள். பேஸ்மென்ற்றின் நடுவில் ஒரே ஒரு மைக், சுற்றி அரைவட்டமாக எல்லோரும். அந்த ஒரு வரியை முதலில் சாதாரணக் குரலில், அடுத்து கத்தி, அடுத்து எல்லோரும் ஒரு அடி பின்னால் தள்ளி நின்று மறுபடி. ஒவ்வொரு முறையும் இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். நாலு பதிவை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் நாற்பது பேர் பாடுவது போலக் கேட்கும். சலவை இயந்திரத்தை முதலில் நிறுத்துங்கள். அந்தப் பத்துப் பேரின் பெயரையும் பதிவில் போடுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று பேரைக் கூட்டி வருவார்கள், அந்த வரி வந்ததும் முன்னால் நின்று பாடுவார்கள்.

வெளியிடும்போது, பாட்டையும் ரீசேர்ட்டையும் ரசிகர்களுக்கு நேரே விற்கிற பாண்ட்காம்ப் இணையத்தளத்தில் ஒரு பக்கம் கட்டாயம். பாட்டு விற்றால் அவர்கள் 15 சதவீதம் எடுப்பார்கள், ரீசேர்ட் போன்ற பொருட்களில் 10. பணம் கைமாற்றும் கட்டணமும் போக மிச்சம் உங்களுக்கு. ஸ்பொட்டிஃபையிலும் இருக்கத்தான் வேண்டும், நண்பர்கள் அங்கேதான் கேட்பார்கள். ஆனால் 2024இலிருந்து 12 மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பதிவு ராயல்டியே கிடையாது, அதை வருமானம் என்று எண்ண வேண்டாம். பல்கலைக்கழக வானொலிகளுக்கு அனுப்புங்கள், அறிவிப்பாளரின் பெயரைத் தேடிப்பிடித்து அவருக்கே எழுதுங்கள்.

வான்

முதல் இரண்டு வருடம் வார இறுதிகள் போதும். 401 நெடுஞ்சாலையில் ஏஜாக்ஸிலிருந்து கிங்ஸ்ரன் சுமார் இரண்டரை மணி நேரம். வழியில் பெல்வில். வடக்கே பீற்றர்பரோ, மேற்கே ஹமில்ரன். ஒவ்வொரு ஊரிலும் உங்களைப் போல மண்டபம் நடத்துகிற ஒரு குழுவைக் கண்டுபிடியுங்கள். அவர்கள் உங்களைக் கூப்பிட, நீங்கள் அவர்களைக் கூப்பிட, அதுதான் முழு முறையும். இதற்கு முகவர் தேவையில்லை.

காசு விஷயத்தை முன்கூட்டியே செய்தியில் எழுதி வாங்குங்கள். ஒரு பாரில் எங்களுக்கு வாசலில் சேர்ந்த காசு என்று பேசி, வாசித்து முடிந்ததும் ஒலிக்காரருக்குப் போக ஒன்றும் மிஞ்சவில்லை என்று கையை விரித்தார்கள். அதற்குப் பிறகு நான் மூன்று வரியில் ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் வானை எடுக்கவிடுவேன்: எத்தனை மணிக்கு வாசிப்பது, எவ்வளவு காசு, எதைக் கழிப்பீர்கள்.

வானைத் தரிக்கும்போது பின்கதவு சுவரோடு ஒட்டியிருக்கட்டும், யாரும் திறக்க முடியாது. ஓட்டுபவர் குடிக்கக் கூடாது, இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும். குளிர்காலச் சில்லு இல்லாமல் நவம்பருக்குப் பிறகு 401இல் ஏற வேண்டாம்.

பெப்ரவரியில் கிற்றார்களை இரவு வானில் விடவே வேண்டாம். உறைகுளிரில் கிடந்த கிற்றாரைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்து உடனே பெட்டியைத் திறந்தால், உலோகத்தில் ஈரம் படியும், நரம்பு சுருதி ஓடும், மெருகில் மெல்லிய வெடிப்புக்கூட விழலாம். பெட்டியை மூடியபடியே ஒரு மூலையில் வைத்துவிட்டு, ட்ரம்ஸை முதலில் பொருத்துங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, சுருதி சேர்த்து, பத்து நிமிடத்தில் மறுபடி சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போக ஆசை வரும். சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு கிற்றாரோடும் ரீசேர்ட் பெட்டியோடும் எல்லையில் நிற்க வேண்டாம். திருப்பி அனுப்பப்பட்டால் அது பதிவாகி, பிறகு ஒவ்வொரு முறையும் கேள்வி வரும். கனேடிய இசைக்கலைஞர் சங்கத்தில் உறுப்பினராகி, அவர்கள் மூலம் பி-2 அனுமதிக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. மாதக்கணக்கில் முன்னால் தொடங்குங்கள். வாத்தியங்களின் சீரியல் எண்களைக் கனேடிய எல்லைச் சேவையிடம் பதிந்துகொண்டு போனால், திரும்பும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி இருக்காது.

காசு

குழுவுக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. இதில் பேரம் இல்லை. ரீசேர்ட்தான் உங்கள் பெற்றோல். 12 டொலருக்கு அச்சடித்து 30க்கு விற்றால் 18 நிற்கும். ஆனால் விற்காமல் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற ஒவ்வொன்றும் அந்த 12ஐ விழுங்கும். அதனால் முதல் முறை குறைவாக அடியுங்கள், எல்லா அளவிலும் அடியுங்கள். பெரிய அளவு இல்லை என்று திரும்பிப் போகிற பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அது நடக்கக் கூடாது. நாலு காலாண்டில் குழுவின் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக்குப் பதிய வேண்டும். அதற்கு முன்னாலும் பற்றுச்சீட்டுகளை எறிய வேண்டாம்.

பாட்டு எழுதிய எல்லோரும், பாட்டுகளுக்கான உரிமைக் காசைச் சேர்த்துக் கொடுக்கிற சோக்கன் அமைப்பில் உறுப்பினராகுங்கள். நேரடி நிகழ்ச்சியில் வாசித்த உங்கள் சொந்தப் பாட்டுகளின் பட்டியலை அங்கே பதிந்தால் அதற்கும் காசு வரலாம். இது தெரியாமல் வருடக்கணக்காக வாசிக்கிற குழுக்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வந்த மறுநாளே பட்டியலைப் பதியுங்கள். ஒரு அல்பத்துக்கான பணம் தேவைப்படும்போது கனேடிய இசைக்கலைஞர்களுக்கு உதவுகிற ஃபக்ரர் அமைப்பின் உதவித்தொகைகளைப் பாருங்கள். விண்ணப்பம் நீளமானது, கணக்கு ஒழுங்காக இருந்தால் பயமில்லை.

வேலையை விட வேண்டாம். எம்எக்ஸ்பிஎக்ஸ் 1992இல் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, சின்ன லேபிள், பிறகு பெரிய லேபிள், கோல்ட் விற்பனைச் சான்று எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் தாங்களே வெளியிடும் நிலைக்கு வந்தார்கள். 2018இல் ரசிகர்களிடம் நேரே முன்பணம் சேர்த்து அல்பம் செய்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் குழு நிற்கிறது. நான் பிள்ளைகளுக்குக் காட்டுகிற முன்மாதிரி அதுதான்.

ஆட்கள் போகும்போது

எல்லாச் சின்ன ஊர்க் குழுவுக்கும் முதல் சோதனை ஒரு செப்ரெம்பரில் வரும். ஒருவர் வாட்டர்லூவுக்குப் படிக்கப் போவார், ஒருவர் ஒட்டாவாவுக்கு. அதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். முடியத் தேவையில்லை. ஒக்ரோபரில் நன்றியறிதல் நாள் வார இறுதி, கிறிஸ்மஸ் விடுமுறை, பெப்ரவரியில் படிப்பு வாரம், பிறகு மே முதல் ஓகஸ்ட் வரை முழுக் கோடை. இந்தத் திகதிகளை நாட்காட்டியில் முன்னமே குறித்து, நிகழ்ச்சிகளை அதற்குள் போடுங்கள். அப்பாமாரே, பிள்ளை பொறியியலும் படிக்கலாம், வார இறுதியில் வாசிக்கவும் செய்யலாம். குழுவை விட்டால்தான் படிப்புக்குக் காசு என்று நிபந்தனை போட வேண்டாம். நான் பார்த்தவரையில், அப்படி விட்டவர்கள் படிப்பையும் பாதி மனதோடுதான் படித்தார்கள்.

ஒருவர் உண்மையாகவே விலக விரும்பினால் மரியாதையாக அனுப்புங்கள். டேவ் பாக்ஷ் 2006இல் சம் 41ஐ விட்டுப் போனார், 2015இல் திரும்பி வந்தார். கதவு திறந்திருந்தால்தான் அப்படி வர முடியும்.

குழுவே நின்றுபோனாலும் கணக்கை உடனே மூட வேண்டாம். பாட்டுகளின் காசு தாமதமாகவே வரும். பாட்டுகளை இணையத்தில் ஏற்றிய சேவைக்கு வருடச் சந்தா இருந்தால், கட்டாமல் விட்டதும் சில சேவைகளில் பாட்டுகள் மறைந்துவிடும். கடவுச்சொற்கள் ஒரே ஆளின் தொலைபேசியில் மட்டும் இருக்கக் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவரை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எங்கள் குழுவில் அது நான். முதல் ட்ரம்மர் இப்போது வன்கூவரில் இருக்கிறார், அவர் வாசித்த பாட்டுகளுக்கான பங்கு ஒவ்வொரு காலாண்டும் அவருடைய கணக்குக்குப் போகிறது.